காவேரியின் முன்பல்

சேரப்பணஞ்சேரி ரகுபதிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு குணம் உண்டு. தனக்குச் சொந்தம் என்று அவன் நினைத்துவிட்ட எதையும் இன்னொருவர் தொட்டால் அவனுக்குத் தாங்காது. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், வீட்டுக் கன்றுக்குட்டி பக்கத்து வீட்டுக்காரர் கையை நக்கிவிட்டது என்பதற்காக அதை வெளியே விடாமல் கட்டிவைத்தவன். அண்ணன் திருமலைக்குக் கார் கம்பெனியில் நிரந்தர வேலை கிடைத்தபோது ஊரே வீட்டுக்கு வந்து வாழ்த்திவிட்டுப் போனது. ரகுபதி மட்டும் ஒரு வாரம் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு எல்லாம் ஆறிப்போகும். ஆனால் ஆறும்வரை அவன் படுகிற பாடு வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

குடும்ப நிலத்தில் பாதி தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. மீதியில் தெற்கத்திப் பையன்கள் வாடகைக்குத் தங்கும் அறைகள் வரிசையாக நிற்கின்றன. அவை அண்ணன் பங்கு. ரகுபதி ஓட்டுநர் ஆனான். ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் பின்னிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஒப்பந்தப் பஸ் அவன் கையில் இருந்தது. நிதானமான ஓட்டுநர் என்று பெயர் வாங்கியவன்.

அவன் மனைவி காவேரி வாலாஜாபாத் பக்கத்துப் பெண். சிறுமியாக இருந்தபோது அடிபம்பின் கைப்பிடி எகிறி வாயில் அடித்தது. மேல் வரிசையில் இடதுபக்க முன்பல் அப்போது விழவில்லை. ஆனால் வருஷம் போகப்போகக் கறுத்துக்கொண்டே வந்தது. பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்த நாளிலிருந்து, சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போகும் பழக்கம் அவளுக்கு வந்தது. பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் ‘ஊருக்குப் போய்ச் சொல்கிறோம்’ என்று சொல்லிப் போய், திரும்பவில்லை. மூன்றாவதாக வந்தவன் ரகுபதி. தட்டை நீட்டும்போது குனிந்த முகத்தில் அந்தப் பல்லை அவன் பார்த்துவிட்டான். அது அவனுக்கு ஒரு குறையாகவே படவில்லை. அதற்காகத் தன்னைப் பெரிய மனதுக்காரன் என்று நினைத்துக்கொண்டானா என்றால், கொஞ்சம் நினைத்துக்கொண்டான்.

கல்யாணம் ஆன புதிதில் அவன் முன்னாலும் காவேரி வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள். அது மாறியது இரண்டாயிரத்துப் பதினைந்து மழையில். செம்பரம்பாக்கம் திறந்துவிட்டார்கள் என்று சென்னைப் பக்கம் அல்லோலகல்லோலப்பட்ட அதே நாட்களில் இவர்கள் ஊர் ஏரியும் தளும்பி, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. சாமான்களை அண்ணன் வீட்டு மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ரகுபதி தலையில் அரிசி மூட்டையோடு வாசலில் வழுக்கி, அப்படியே தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டான். மூட்டையை மட்டும் நனையவிடாமல் இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்த அவனைப் பார்த்துக் காவேரி சிரித்தாள். ஒரு கையில் கைக்குழந்தை பூஜா, இன்னொரு கையில் மிக்ஸி. பொத்திக்கொள்ளக் கை இல்லை. தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் நீர் வர, வாய் திறந்து சிரித்தாள். கறுத்த பல்லும் தெரிந்தது; அதைச் சுற்றி அவள் முகம் முழுக்க மலர்ந்திருந்ததும் தெரிந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் அவன் மட்டும் இருக்கும்போது அவள் கை வாய்க்குப் போவதில்லை. வெளியாள் யார் வந்தாலும், அண்ணன் திருமலை வந்தால்கூட, போகும். ரகுபதி இதை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் தன்னிடம் இருப்பதிலேயே பெரிய சொத்து அதுதான் என்று உள்ளுக்குள் வைத்திருந்தான்.

பூஜா ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம் காவேரி வேலைக்குச் சேர்ந்தாள். அவன் பஸ் போகும் அதே கம்பெனி. பலகையில் ஆணிகளுக்கு நடுவே பல நிற ஒயர்களை ஓடவிட்டுக் கட்டும் வேலை. கை வேகம், ஞாபகம் இரண்டும் அவளுக்கு இருந்ததால் சீக்கிரமே லைன் லீடர் ஆக்கிவிட்டார்கள். ரகுபதிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவன் பஸ்ஸிலேயே அவள் ஏறுவாள். மூன்றாவது வரிசையில் தன் லைன் பெண்களோடு உட்காருவாள். அவன் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே போவான். அந்தக் கண்ணாடியில் ஒருநாள் ஐயனாரும் தெரிந்தான்.

ஐயனார் தென்காசிப் பக்கத்துப் பையன். மெஷின் பழுதுபார்க்கும் பிரிவில் வேலை. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. படப்பையில் நாலு பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தான். ஆள் பெரிய அழகன் இல்லை. ஆனால் எந்த விஷயத்தையும் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொல்லி, கேட்பவரை வயிறு வலிக்கச் சிரிக்கவைக்கும் வித்தை அவனிடம் இருந்தது. காவேரியை “யக்கா” என்று கூப்பிடுவான். அவன் ஏதாவது சொல்வான். மூன்றாவது வரிசை குலுங்கும். காவேரி வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்புவாள். தோள்கள் மட்டும் அதிரும்.

என்ஜின் சத்தத்தில் ரகுபதிக்கு அவன் என்ன சொன்னான் என்பது ஒருநாளும் காதில் விழாது. சிரிப்பு மட்டும் விழும்.

“அந்தப் பையன் இன்னா சொன்னான், அப்டி சிரிச்சிக்கினு வந்தீங்க?” என்று வீட்டில் கேட்பான்.

“ஒண்ணுமில்லங்க, சும்மா கம்பெனிக் கதை” என்று காவேரி குழம்பைக் கிளறிக்கொண்டே சொல்வாள். அவளுக்கு அது உண்மையிலேயே ஒன்றுமில்லாத விஷயம். அவனுக்கு அப்படி இல்லை. ‘கை வாய்க்குப் போச்சே, அதுவரைக்கும் சரி’ என்று தேற்றிக்கொள்வான்.

போன ஐப்பசியில் காவேரிக்கு மேலுதடு வீங்கிக்கொண்டு வந்தது. அந்தக் கறுத்த பல்லுக்கு மேலே ஈறில் சீழ் கட்டியிருந்தது. படப்பை பஜாரில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் பல் மருத்துவரிடம் ரகுபதிதான் பைக்கில் வைத்துக் கூட்டிப்போனான். மருத்துவர் பெயர் ஜாஸ்மின். நாகர்கோவில் பக்கத்துக்காரர், சின்ன வயது, பொறுமையாகப் பேசுகிறவர். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, அடிபட்ட அன்றே பல்லுக்குள் உயிர் போய்விட்டது, இத்தனை வருஷம் கழித்து வேரின் நுனியில் சீழ் வைத்திருக்கிறது, பல்லைப் பிடுங்க வேண்டாம், வேரைச் சுத்தம் செய்து காப்பாற்றலாம் என்றார். சில தடவை போய்வந்ததில் ரூட் கேனல் முடிந்தது. வீக்கம் வடிந்தது, வலியும் போனது.

கடைசி நாள் அன்று டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

“உள்வேலை முடிஞ்சாச்சு. இனிமே மேல என்ன பண்றதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும். பின்பக்கம் அடைச்சுட்டு இப்படியே விடலாம். ஆனா சொத்தையில பாதிப் பல்லு ஏற்கெனவே போயிருச்சு, சுவர் மெலிசா இருக்கு. கடிச்சா உடையும். நிறமும் இதேதான் இருக்கும். உள்ள மருந்து வெச்சு வெளுக்க வைக்கிற முறை ஒண்ணு இருக்கு, பல்லு முழுசா இருந்தா அதையே சொல்லியிருப்பேன். உங்களுக்குச் சரி வராது. சுத்தியும் கொஞ்சம் ராவிட்டு மேல கேப் போட்டா பலமா நிக்கும்.”

“கேப்னா வெள்ளி மாதிரி மின்னுமே, அதுவா மேடம்?” என்று காவேரி கேட்டாள்.

“அது கடவாய்க்கு. முன்பல்லுக்குப் பீங்கான்தான். உள்ள உலோகம் வெச்சு மேல பீங்கான் பூசுனது ஒண்ணு இருக்கு, அதுல சில வருஷம் போனா ஈறு ஓரத்துல கறுப்பா ஒரு கோடு தெரியலாம். முழுசும் பீங்கான்னா அந்தத் தொல்லை இல்ல. பக்கத்துப் பல்லு மாதிரியே இருக்கும், யாரும் கண்டுபிடிக்க முடியாது.”

“யாரும் கண்டுபிடிக்க முடியாதா?”

“நீங்களா சொன்னாத்தான்.”

டாக்டர் கைக்கண்ணாடியைக் கொடுத்தார். காவேரி அதை வாங்கி உதட்டை விரலால் தூக்கிப் பல்லைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். வீட்டில் பொட்டு வைக்கும் நேரத்துக்கு மேல் அவள் கண்ணாடி முன்னால் நின்று ரகுபதி பார்த்ததில்லை. இப்போது அவள் முகத்தில் ஓர் ஆசை வந்து உட்கார்ந்திருந்தது. அவனுக்கு உடனே புரிந்தது. இனி அந்தக் கை வாய்க்குப் போகாது. பஸ்ஸில் மூன்றாவது வரிசையில் அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பாள். அந்தப் பையன் எதிரில் நின்று அதைப் பார்ப்பான்.

“முழுப் பீங்கானே போட்டுடுங்க மேடம்” என்றாள் காவேரி. வேரில் புண் முழுசாக ஆறட்டும், இரண்டு வாரம் கழித்து அளவெடுக்கலாம் என்று சொல்லி, டாக்டர் தற்காலிகமாக அடைத்து அனுப்பினார். முன்பல்லால் எதையும் கடிக்கக் கூடாது என்றும் சொன்னார். தகவல் சொல்ல ரகுபதியின் போன் நம்பரைக் குறித்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும் வழியில் டீக்கடையில் நிறுத்தினான்.

“நல்லா யோசிச்சிக்கோ. இருக்கிற பல்லை சுத்தியும் ராவிட்டா குச்சி மாதிரி ஆயிடுமாம். நம்ம ஜீவானந்தம் இல்ல, பஸ் ஓட்டறானே, அவனுக்குப் போட்ட கேப்பு பரோட்டாவோட சேர்ந்து வயித்துக்குள்ள போயிடுச்சி.”

“டாக்டர் பலமா நிக்கும்னாங்களே.”

“அவங்க சொல்லத்தான் சொல்வாங்க. இத்தினி வருஷமா இப்டியேதானே கீது. எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியலையே.”

“உங்களுக்குத் தெரியல” என்றாள் காவேரி. டீயை ஒரு பக்கமாகச் சாய்த்துக் குடித்தாள்.

செலவுதான் காரணமாக இருந்திருந்தால்கூட அவன் மனசாட்சிக்கு ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். பல்லுக்கு என்று அவள் தன் சம்பளத்திலிருந்தே எடுத்து வைத்திருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து கிளினிக்கிலிருந்து போன் வந்தபோது ரகுபதி பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான். அளவெடுக்க எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார்கள். அவன் யோசித்தெல்லாம் செய்யவில்லை. வாய் முந்திக்கொண்டது.

“அவங்களுக்கு வேணாமாம்மா. அடைச்சதே போதும்னு சொல்லிட்டாங்க.”

மறுநாள் டாக்டரே கூப்பிட்டார். “சார், அது தற்காலிக அடைப்புதான். அப்படியே விட்டா உடைஞ்சிரும். அவங்ககிட்ட நான் ஒரு வார்த்தை பேசலாமா?” அவங்க டூட்டியில் இருக்காங்க, சொல்லிவிடுகிறேன் என்று வைத்துவிட்டான். பிறகும் ஒருமுறை கூப்பிட்டார்கள். அதை அவன் எடுக்கவே இல்லை.

காவேரி கேட்டபோது முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னான். “டாக்டரு ஊருக்குப் போயிருக்காங்களாம். அவசரம் ஒண்ணும் இல்லையாம். பொங்கலுக்கு அப்பால வரச் சொன்னாங்க.”

அவள் நம்பினாள். கம்பெனியில் ஆடிட் நேரம், அவளுக்கும் ஓய்வில்லை. ரகுபதிக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் உதறல். அவள் தட்டில் கெட்டியாக எதுவும் விழாமல் பார்த்துக்கொண்டான். கொய்யாப்பழம் வாங்கிவந்தால் அவனே மெல்லிசாக நறுக்கிக் கொடுத்தான். முறுக்கை வீட்டுக்குள்ளேயே கொண்டுவரவில்லை. “அப்பாவுக்கு உம் மேல பாசம் ஜாஸ்தியாயிடுச்சிம்மா” என்று பூஜா கிண்டல் செய்தாள். காவேரியும் அப்படித்தான் நினைத்தாள்.

பொங்கலுக்கு முன்தினம் கம்பெனியில் விழா. ஷெட்டுக்கு வெளியே பானை வைத்து, எல்லோருக்கும் கரும்புத் துண்டு கொடுத்தார்கள். காவேரி ஜாக்கிரதையாகத்தான் இருந்தாள். கடவாயில் வைத்து ஓரமாகத் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். கோலப்போட்டிக்கு நடுவராக வந்த மேனேஜர் ஈரக் கோலத்தின் மேலேயே நடந்துபோனதைப் பற்றி ஐயனார் ஏதோ சொன்னான். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கரும்பு நழுவி முன்பல்லுக்கு வந்த நேரம், பிடித்து இழுத்த நார் வேலையைக் காட்டிவிட்டது. படக் என்று ஒரு சத்தம். வலியே இல்லை. உள்ளங்கையில் கரும்புச் சக்கையோடு கறுப்பாக ஒரு துண்டு கிடந்தது.

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். சூப்பர்வைசர் வெளியே போகச் சீட்டு எழுதிக் கொடுத்தார். கம்பெனி வண்டி எதுவும் இல்லை; ரகுபதியின் பஸ் ஷிஃப்ட் முடியும் நேரத்துக்குத்தான் வரும்.

“யக்கா, எந்த டாக்டருன்னு மட்டும் சொல்லுங்க. நான் கொண்டுபோயி விடுதேன்” என்று ஐயனார் யாரிடமோ ஒரு பைக்கை வாங்கிக்கொண்டு வந்தான்.

கிளினிக்கில் டாக்டர் ஜாஸ்மின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

“இதுக்குத்தானேம்மா கேப் போடச் சொன்னோம். எத்தனை தடவை கூப்பிட்டோம். வேண்டவே வேண்டாம்னு சொல்லிட்டீங்களாமே?”

“யாரு மேடம் சொன்னது?” காவேரியின் சொற்கள் காற்றோடு சேர்ந்து வந்தன.

“உங்க வீட்டுக்காரர்தான். நீங்க அடைச்சதே போதும்னு சொன்னதா சொன்னாரு. நானே பேசினேனே.”

கதவருகே அவள் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு நின்ற ஐயனார் சட்டென்று திரும்பி, சுவரில் ஒட்டியிருந்த பல் துலக்கும் படத்தைப் படிப்பதுபோல நின்றான்.

அங்கே ஷிஃப்ட் முடிந்து பஸ் நிரம்பியபோது காவேரியை மட்டும் காணோம். ரகுபதி கண்ணாடியில் பார்த்தான், திரும்பியும் பார்த்தான். “அக்காவுக்குப் பல்லு உடைஞ்சி போச்சிண்ணே. ஐயனார் பைக்ல கூட்டிக்கினு போயிருக்கான்” என்றாள் அவள் லைனில் வேலை செய்யும் அமலா. பல் உடைந்தது அவன் காதில் ஏறவே சற்று நேரம் ஆனது. பைக் என்ற சொல் முதலில் ஏறிவிட்டது.

படப்பை பஜார் நெரிசலில் பஸ் ஊர்ந்தது. மருந்துக்கடை வாசலில் ஒரு பைக் நின்றது. காவேரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மாடிப்படி இறங்கி வந்துகொண்டிருந்தாள். இரண்டு படி முன்னால், அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஐயனார். ரகுபதி ஹாரனை அழுத்தினான். அவள் நிமிர்ந்து பஸ்ஸைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். ஏறுவதற்கு ஓர் அடியும் எடுத்துவைக்கவில்லை. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். பஸ் நிறைய ஆட்கள். நிறுத்தி இறங்கவும் முடியாது. அத்தனை பேரையும் அவரவர் நிறுத்தத்தில் இறக்கிவிட்டு வீடு சேர்வதற்குள் அவன் மனசு ஆயிரம் தடவை அந்த மாடிப்படிக்குப் போய்வந்தது.

வீட்டில் காவேரி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பூஜா டியூஷன் போயிருந்தாள். தான் ஆட்டோவில் வந்ததாகக் காவேரி சொன்னாள். அவன் கேட்க வாயெடுப்பதற்கு முன்பே அந்தப் பதில் வந்தது.

“அதான் நீ கேப்பேன்னு தெரியும்” என்றாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவனை அவள் நீ என்று பேசியதில்லை. “இப்ப நான் கேக்கறேன். எனக்கு வேணாம்னு நான் எப்பச் சொன்னேன்?”

ரகுபதி சட்டைப் பொத்தானைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றான்.

“அந்தப் பையன் முன்னால டாக்டர் கேக்கறாங்க. நான் முழிச்சிக்கினு உக்காந்திருக்கேன். கொய்யாவை நறுக்கி நறுக்கிக் குடுத்தியே, உடையும்னு தெரிஞ்சிதானே குடுத்தே? இன்னாத்துக்கு அப்டி பண்ணே?”

பொய் ஏதாவது வரும் என்று அவனே எதிர்பார்த்தான். வரவில்லை.

“நீ எங்கிட்ட மட்டும்தான் வாயைத் தொறந்து சிரிப்பே” என்றான். “கேப்பு போட்டுட்டா எல்லார்கிட்டயும் சிரிப்பே. அந்தப் பையங்கிட்டயும் சிரிப்பே. என்னால பாத்துக்கினு வண்டி ஓட்ட முடியாது.”

காவேரி அவனையே பார்த்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்தபோது கண் கலங்கியது. ஆனால் குரல் உடையவில்லை.

“நான் கூச்சப்பட்டுக்கினு வாயை மூடிக்கினு இருந்தது உனக்குச் சொத்தா? ஏழு வயசுலேர்ந்து மூடியிருக்கேன். போட்டோவுல சிரிச்சதில்ல. எங்கம்மா சாவுல அழக்கூட வாயைப் பொத்திக்கினுதான் அழுதேன். உங்கிட்ட மூடலைன்னா, உன்னை நம்பித்தான் மூடல.”

அந்தப் பொங்கலுக்கு வீட்டில் பானை பொங்கியது. கரும்பை மட்டும் யாரும் தொடவில்லை.

விடுமுறை முடிந்து பஸ் எடுத்தபோது எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கப்போகிறார்கள் என்று ரகுபதி நடுங்கிக்கொண்டிருந்தான். கிளினிக்கில் நடந்தது ஐயனாருக்குத் தெரியும். அவன் வாய்க்கு இதைவிட நல்ல கதை கிடைக்குமா? ஆனால் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கரும்பு கடித்துப் பல் உடைந்தது, அவ்வளவுதான் பஸ்ஸில் தெரிந்தது. ஐயனார் எப்போதும்போல “வணக்கம்ண்ணே” என்று ஏறிப் பின்னால் போனான். அவன் மூச்சுவிடவில்லை என்பது ரகுபதிக்குப் புரிந்தது. அது அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஊரெல்லாம் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். தன் மனைவிக்கும் அந்தப் பையனுக்கும் மட்டும் தெரிந்த ஒன்று இப்போது இருக்கிறதே என்று அதற்கும் எரிந்தான். அந்தப் பையனின் நல்ல குணத்தைப் பார்த்தும் அவனுக்குப் பொறாமையாக இருந்தது.

காவேரி இந்தத் தடவை பூஜாவைக் கூட்டிக்கொண்டு கிளினிக் போனாள். தன் போன் நம்பரை எழுதவைத்தாள். டாக்டர் மறுபடியும் எல்லா வழிகளையும் சொன்னார். வேரைப் பிடுங்கிவிட்டு, இரண்டு பக்கத்துப் பல்லையும் ராவிப் பாலம்போல மூன்று பல் சேர்த்துக் கட்டலாம். எலும்பில் திருகு வைத்து அதன் மேல் புதுப்பல் நடலாம்; அதற்கு மாதக்கணக்கில் ஆகும். இல்லையென்றால், ஈறுக்கு மேல் கொஞ்சம் பல் மிச்சமிருப்பதால், வேருக்குள் சின்னத் தண்டு ஒன்றை நட்டு, அதன் மேல் கட்டி எழுப்பிக் கேப் போட்டுப் பார்க்கலாம்.

“அது எத்தனை நாள் நிக்கும் மேடம்?”

“நல்லா நிக்கவும் செய்யலாம், சில வருஷத்துல வேர் விரிசல் விடவும் செய்யலாம். உறுதி சொல்ல மாட்டேன். முன்னமே போட்டிருந்தா இதைவிடத் தைரியமாச் சொல்லியிருப்பேன்.”

“நல்லா இருக்கிற ரெண்டு பல்லை ஏன் ராவணும்? வேர் இருக்கிறவரைக்கும் இருக்கட்டும். போனா அப்பப் பாத்துக்கலாம்” என்றாள் காவேரி. நிறம் பார்க்கும் மாதிரிப் பற்களை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக அவள் பல்லருகே வைத்துக் காட்டினார். பூஜா இருப்பதிலேயே வெள்ளையான ஒன்றைத் தொட்டாள். “ஏய், அது டீ குடிக்காதவங்க பல்லுடி” என்று காவேரி அதைத் தள்ளிவிட்டு, லேசாக மஞ்சள் ஓடிய ஒன்றை எடுத்தாள். டாக்டரும் அதையேதான் நினைத்திருந்தார்.

இதெல்லாம் ரகுபதிக்குப் பூஜா வழியாகத்தான் தெரிந்தது. கேப் ஒட்டிய அன்று மாலை காவேரி வீட்டுக்குள் வந்தபோது அவன் நிமிர்ந்து பார்க்கத் தயங்கினான். அவள் எதிரில் வந்து நின்று உதட்டை விரித்துக் காட்டினாள். சிரிப்பு இல்லை, காட்டல் மட்டும்தான்.

“நல்லா கீது” என்றான். பொய் இல்லை. உண்மையாகவே நன்றாக இருந்தது. அதுதான் அவன் கஷ்டம்.

அடுத்த நாள் பஸ்ஸில் மூன்றாவது வரிசை குலுங்கியது. காவேரியின் கை பாதி தூரம் எழுந்து, நினைவு வந்ததுபோல மடியில் இறங்கியது. அவள் சிரித்தாள். மழைநாளில் அவன் பார்த்த அதே சிரிப்பு, தலை பின்னால் சாய, கண்ணில் நீர் வர. அமலா பார்த்தாள், ஐயனார் பார்த்தான், ஏறிக்கொண்டிருந்த யார்யாரோ பார்த்தார்கள். வண்டலூர் சாலைச் சந்திப்பில் ரகுபதி பிரேக்கைக் கொஞ்சம் தாமதமாக மிதித்தான். ஒன்றும் ஆகவில்லை, முன்னால் நின்ற வண்டிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

அன்று சாயந்திரமே போக்குவரத்து சூப்பர்வைசரிடம் போய், தன்னை இருங்காட்டுக்கோட்டை ரூட்டுக்கு மாற்றிவிடச் சொன்னான். ஏன் என்று கேட்டதற்கு, இந்த ரோடு அலுத்துவிட்டது என்றான். அவன் இடத்துக்கு ஜீவானந்தம் வந்தான்.

“ரூட்டை மாத்திக்கினீங்களாமே?” என்று காவேரி கேட்டாள். மரியாதை திரும்பிவந்திருந்தது, கொஞ்சம் தூரமும் அதோடு வந்திருந்தது.

“கண்ணாடியில பாத்துக்கினு ஓட்டினா யார் மேலயாவது ஏத்திடுவேன்.”

அவள் சோறு போட்டாள். சில நாட்கள் அப்படியே போயின. பார்க்காமல் இருந்தால் எரிச்சல் குறையும் என்று ரகுபதி நினைத்திருந்தான். குறையவில்லை. இருங்காட்டுக்கோட்டை சாலையில் பாரம் ஏற்றிய டிரெய்லர்களுக்கு நடுவே ஓட்டும்போது, அங்கே இப்போது என்ன நடக்கிறதோ என்று அவன் மனசே ஒரு பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தது. அதில் ஐயனார் எந்நேரமும் பேசிக்கொண்டிருந்தான்.

பங்குனியில் ஒருநாள் சாப்பிடும்போது அவனே கேட்டுவிட்டான். “இன்னைக்கு இன்னா சொன்னான் அந்தப் பையன்?”

பழைய காவேரியாக இருந்தால் ஒன்றுமில்லை என்றிருப்பாள். இவள் சொன்னாள். “இன்னைக்கு சேஃப்டி டிரெய்னிங். ஆபீசர் எல்லாரையும் நிக்க வெச்சி, தீப்பிடிச்சா முதல்ல இன்னா பண்ணணும்னு கேக்கறாரு. ஒருத்தன் மணி அடிக்கணும்ன்றான், ஒருத்தன் தண்ணின்றான். ஐயனார் கை தூக்கினான். ‘முதல்ல போயி கார்டைத் தேய்ச்சு பஞ்ச் அவுட் பண்ணணும் சார். இல்லேன்னா செத்தாலும் அரைநாள் லீவு போட்டுருவாவ’ன்னான். ஆபீசருக்கே சிரிப்பு தாங்கல.”

ரகுபதி வாயில் சோறு இருந்தது. அடக்கப் பார்த்தான். போன மாதம் டயர் வெடித்துத் தாமதமானதற்குத் தன் பெயரில் அரைநாள் வெட்டியது ஞாபகத்துக்கு வந்தது, அதற்குமேல் முடியவில்லை. புரையேறி, இருமி, கண் சிவந்து சிரித்தான். பூஜா அவன் முதுகைத் தட்டினாள். காவேரி தண்ணீரை நகர்த்திவைத்தாள், அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சிரித்து ஓய்ந்ததும் அவனுக்கு எரிச்சலாக இருந்தது. அந்தப் பையன் தன் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டதுபோல இருந்தது. இவ்வளவு நன்றாகப் பேசத் தனக்கு வரவில்லையே என்றும் இருந்தது. தண்ணீரைக் குடித்து வைத்தான். தட்டில் மிச்சமிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே, நிமிராமல் கேட்டான்.

“அப்பால இன்னா சொன்னான்?”